மூலைமட்டம் வைத்த குழல்

சத்தியநேசன்: தோள் கழண்டு போச்சு அண்ணே. காலையிலேருந்து கைய மேல தூக்கியே வச்சிருக்கேன்... இனி கீழ எறக்குனா இது என்கூட வீட்டுக்கு வருமான்னு தெரியல்ல.

அருமைநாயகம்: கை கெடக்கட்டும். குழலுக்குள்ள என்ன தட்டுப்படுது, அதச் சொல்லு.

சத்தியநேசன்: சீவல். பின்னயும் சீவல். நேத்து சீவுன அயனிமரம், முந்தாநாள் சீவுன அயனி... எனக்க ஜீவிதம் மொத்தமும் இந்தப் பலகைக்குழலுக்குள்ளதான் கெடக்கு.

அருமைநாயகம்: வாரிப் போடு.

சத்தியநேசன்: ரெண்டு சாக்கு வாரியாச்சு. சீவல வெளிய தள்ளுற விசிறிய ஓட்டுனா இன்னும் இழுக்கல்ல. சீவுற மெஷினுக்க வாயில பீடிப்புகைய ஊதிப் பாத்தேன். புகை உள்ள போகாம அங்கேயே நின்னு எனக்க மூஞ்சியப் பாக்கு.

அருமைநாயகம்: மரப்பொடிக்கு நடுவுல பீடியா? பத்திப் பிடிச்சா?

சத்தியநேசன்: பிடிச்சா நல்லதுண்ணே. அடைப்பு ஒரேயடியா தீந்துரும்.

அருமைநாயகம்: எறங்கு, எறங்கு. கொஞ்சம் வெள்ளம் குடி. மணி என்ன ஆச்சு?

சத்தியநேசன்: பதினொண்ணு. நாலு மணிக்குப் பட்டாளத்துத் தொரை, நாம செய்யிற பெட்டியப் பாக்க வாறார். முதலாளி காலையில சொன்னத கேட்டீங்கல்லா?

அருமைநாயகம்: கேக்கல்ல. எனக்க காதுலயும் பொடி.

சத்தியநேசன்: "தொரை வரும்போ தரையில சீவல் பறந்தா, மெஷின்காரனும் ஞானாபரணம் போன வழியே போவலாம்"ண்ணார். அந்த மெஷின்காரன் நான்தான். ஞானாபரணம் மாமன வேலையிலேருந்து அனுப்பி இண்ணைக்கி இருபத்தோரு நாளு.

அருமைநாயகம்: நாளு எண்ணி வச்சிருக்கியோ?

சத்தியநேசன்: அவருக்க எடத்துல நான் நின்ன நாளுல்லா... மொதல் நாள் வீட்டுக்குப் போயி, "சரோஜம், நான் இனி மரத்தடி சொமக்கிறவன் இல்ல, மெஷின்காரன்"ண்ணு நெஞ்ச நிமித்துனேன். நிமித்துன அந்த நெஞ்சுல இப்ப விடியவிடிய இருமல். அவ சொல்லுகா, "மெஷின்காரரே, கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பி இருமுங்க"ண்ணு.

அருமைநாயகம்: செரி, வா. ஒண்ணொண்ணா பாப்போம். விசிறிக்க பெல்ட் தளந்திருக்கும்.

சத்தியநேசன்: மூணு தடவை பாத்தாச்சு. பெல்ட் இறுக்கமாத்தான் இருக்கு. எனக்க இடுப்பு வேட்டிதான் தளந்து கெடக்கு. மூணு நாளா ரெண்டு நேரமும் மரச்சீனிக் கெழங்கு.

அருமைநாயகம்: அப்பம் விசிறி தலைகீழா சுத்துதோ? போன வாரம் கரண்டுக்காரன் வந்து கம்பிய மாத்திக் கட்டுனான்லா.

சத்தியநேசன்: நேராத்தான் சுத்துது. இந்தப் பட்டறையில நேரா நடக்கிறது அது ஒண்ணுதான்.

அருமைநாயகம்: பின்ன... பொடி போய் விழுற அறை நெறஞ்சிருக்கும்.

சத்தியநேசன்: நேத்து சாயங்காலம் நான்தான் காலியாக்குனேன். உங்களுக்க பென்சில் கூட கெடச்சுது. காதுல சொருகி வச்சிருப்பீங்களே, அது. இந்தாங்க.

அருமைநாயகம்: ரெண்டு வாரமா அதத் தேடுனேன்டே! எனக்க மருமகன் எடுத்துட்டான்னு அவன்கிட்ட பேசாம இருக்கேன்.

சத்தியநேசன்: இனி பேசுங்க.

அருமைநாயகம்: வேண்டாம், இருக்கட்டும். பேசாம இருக்கிறது சொகமாத்தான் இருக்கு... லேய், அடைப்புப் பலகைய ஒக்க, எல்லாத்தையும் பாத்தியா?

சத்தியநேசன்: எது?

அருமைநாயகம்: ஒவ்வொரு மெஷினுக்கும் குழல் வாயில ஒரு பலகை போட்டுத் தந்திருக்கேன்லா. ஓடாத மெஷினுக்க வாய மூடி வைக்கணும். ஆறு வாயும் தொறந்து கெடந்தா விசிறிக்கு மூச்சு எட்டாது. இழுவை கொறஞ்சா சீவல் வழியிலேயே படுத்துரும்.

சத்தியநேசன்: பலகைதான... இருக்கு, இருக்கு.

அருமைநாயகம்: இருக்குன்னா? மூடித்தான் கெடக்கா?

சத்தியநேசன்: மூடித்தான்... வச்சிருந்தோம்.

அருமைநாயகம்: லேய்.

சத்தியநேசன்: உச்சைக்கு மரச்சீனி திங்க உக்காரும்போ மட்டும் தொறப்போம்ணே. முதுக வாய்க்குக் குடுத்து உக்காந்தா காத்து சும்மா குளுகுளுன்னு இழுக்கும். ஆறுபேரும் ஆளுக்கொரு வாய். பின்ன மூட மறந்துரும்.

அருமைநாயகம்: உங்க ஆறு முதுகுக்கும் வீசத்தான் முதலாளி கோயமுத்தூர்லேருந்து விசிறி கொண்டுவந்தாரு!

சத்தியநேசன்: கூலிக்காரனுக்கு விசிறி போடுற முதலாளி ஊருல வேற உண்டான்னு நாங்க பெருமையாப் பறஞ்சுட்டிருந்தோம்... இப்ப மூடியாச்சு. ஆறும் மூடியாச்சு. இன்னும் இழுக்கல்ல. மூங்கில விட்டுக் குத்திப் பாத்தேன். கொஞ்ச தூரம் போயி மூலையில முட்டி நிக்கு.

அருமைநாயகம்: மூலைய விடு. மூலையில ஒண்ணும் இருக்காது.

சத்தியநேசன்: அதெப்படிச் சொல்லுகீங்க?

அருமைநாயகம்: மெதுவா... ஆப்பீஸ்லேருந்து சாமி வாறார்.

வெங்கடசுப்ரமணியன்: என்ன ஓய் மேஸ்திரி, குழாய் திறந்துதா? மூக்கை மேல்வேஷ்டியால கட்டிண்டு வந்திருக்கேன், அதையும் மீறி... அச்! பாத்தீரா. காலேஜ்லே நாலு வருஷம் லாஜிக் படிச்சேன். வலியசாலையிலே எங்க தெருவே என்னை முனிசீப்பா ஆவேன்னு நினைச்சுது. இங்கே குமாஸ்தாவா உக்காந்து தும்மிண்டிருக்கேன். தயிர்சாதத்திலே கூட தேக்கு வாசனை.

சத்தியநேசன்: தேக்கு இல்ல சாமி, அயனி.

வெங்கடசுப்ரமணியன்: ஏதோ ஒரு மரம். உள்ளே போயாச்சு, இனிமே பேர் தெரிஞ்சு என்ன? சரி, எனக்கு ஒரு வரி வேணும். ரிஜிஸ்டர்லே "அடைப்புக்குக் காரணம்"னு ஒரு கட்டம் இருக்கு. துரை பார்ப்பானாம், காலியா விடப்படாதாம்.

அருமைநாயகம்: போன மாசம் என்ன எழுதுனீங்க சாமி?

வெங்கடசுப்ரமணியன்: "பச்சைமரம்." மெஷின்காரன் காயாத மரத்தைச் சீவினான், ஈரச்சீவல் ஒட்டிண்டு அடைச்சுதுன்னு. அதை எழுதின அன்னிக்குத்தானே ஞானாபரணத்தை அனுப்பினா.

அருமைநாயகம்: மரம் பச்சைன்னு நீங்க பாத்தீங்களா?

வெங்கடசுப்ரமணியன்: நானா? எனக்குப் பச்சைமரம்னா இலை இருக்கிற மரம். யாரோ முதலாளிகிட்டே சொல்லியிருக்கான். முதலாளி என்கிட்டே சொன்னார். நான் எழுதினேன். என் எழுத்து மணிமணியா இருக்கும் ஓய். விஷயம் எப்படி இருந்தாலும்.

அருமைநாயகம்: சொன்னது யாரு?

வெங்கடசுப்ரமணியன்: கேக்கலை. கேக்கறதுக்கு நான் முனிசீப்பா?

சத்தியநேசன்: சாமி, பொடி உங்களுக்கு ஆகாது. போயிட்டு வாங்க. வரிய நாங்க தாறோம்.

வெங்கடசுப்ரமணியன்: விரட்டறான் பாரும். வரேன், வரேன்... அச்!

அருமைநாயகம்: யாரு சொல்லியிருப்பான்டே?

சத்தியநேசன்: ஆருக்குத் தெரியும்... நேரம் போவுதுண்ணே. கொட்டாப்புளிய எடுத்துக் குழல அடியிலேருந்து தட்டிட்டே போவமா? பலாப்பழம் பாக்கிற மாதிரி. காலியா இருந்தா ஒரு சத்தம், நெறஞ்சிருந்தா ஒரு சத்தம்.

அருமைநாயகம்: தட்டு. நேராப் போற எடத்த மட்டும் தட்டு.

சத்தியநேசன்: டங்... கேட்டீங்களா, காலி. டங்... இதுவும் காலி. இது என்ன... டங். காலிதான். இப்ப மூலை.

அருமைநாயகம்: மூலைய விடுண்ணுல்லா சொன்னேன்!

சத்தியநேசன்: தொப்.

அருமைநாயகம்: போதும், தட்டுனது போதும்.

சத்தியநேசன்: தொப், தொப். பழுத்த பழம்ணே! இங்கதான் இருக்கு. தொறக்கணும்... ஆணி எங்க?

அருமைநாயகம்: ஆணி இல்ல.

சத்தியநேசன்: மூடி?

அருமைநாயகம்: இல்ல.

சத்தியநேசன்: பின்ன எப்படித் தொறக்க?

அருமைநாயகம்: தொறக்க வரும்னு நெனச்சுச் செய்யல்ல. தகரம் ஒக்க யுத்தத்துக்குப் போயாச்சு, பலகையிலேயே குழல் செய்யின்னார் முதலாளி. அஞ்சு மூலை. மூலைக்கு ரெண்டு நாளு வச்சு இழைச்சேன். மூலைமட்டத்த வச்சுப் பாரு, நடுவுல ஒரு தலைமுடி போவாது.

சத்தியநேசன்: தலைமுடி மட்டுமில்ல, சீவலும் போவல்லண்ணே.

அருமைநாயகம்: ...அந்த விசிறி வந்த பெட்டிக்குள்ள ஒரு படம் இருந்துது.

சத்தியநேசன்: என்ன படம்?

அருமைநாயகம்: குழல் எப்படிப் போவணும்ங்கிற படம். அதுல மூலையே இல்ல. திரும்புற எடத்துல ஒக்க சாரைப்பாம்பு கணக்கா வளைஞ்சு வளைஞ்சு போச்சு. நான் நெனச்சேன்... வரைஞ்சவனுக்கு மூலைமட்டம் பிடிக்கத் தெரியாதுன்னு. பாவம், கை நடுங்குற ஆளா இருக்கும்னு நெனச்சேன்.

சத்தியநேசன்: நெனச்சு?

அருமைநாயகம்: திருத்துனேன்.

சத்தியநேசன்: திருத்துனீங்களா!

அருமைநாயகம்: ஒக்க நேராக்குனேன். முப்பது வருஷமா மூலை சரியில்லன்னு எம்பிடு பேருக்க கதவத் தள்ளியிருக்கேன் தெரியுமா? கோயமுத்தூர்க்காரனுக்க படத்தையும் தள்ளுனேன். காத்துக்கு மூலைமட்டம் தெரியாதுன்னு எனக்குத் தெரியாமப் போச்சு. அது நேரா வந்து மூலையில முட்டுது, கையில கொண்டுவந்த சீவல அங்கேயே எறக்கி வச்சுட்டுத் தான் மட்டும் போவுது.

சத்தியநேசன்: எப்ப தெரிஞ்சுது?

அருமைநாயகம்: இப்பத்தான்.

சத்தியநேசன்: அண்ணே.

அருமைநாயகம்: கொட்டாப்புளிய இங்க தா.

சத்தியநேசன்: எப்ப தெரிஞ்சுதுண்ணே?

அருமைநாயகம்: ...ஞானாபரணம் மெஷின்ல நிக்கும்போதே. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு ஆரும் இல்லாத நேரம் வந்தேன். கம்பிய வளைச்சு உள்ள விட்டு இந்த மூலையக் குத்தி எடுத்தேன். திங்கக்கிழமை நல்லா இழுத்துது. ஞானாபரணம் ஓடி வந்து, "மேஸ்திரி, ராத்திரி முழுக்க ஜெபிச்சேன், கர்த்தர் தொறந்துவிட்டார்"னு எனக்க கையப் பிடிச்சான்.

சத்தியநேசன்: நீங்க என்ன சொன்னீங்க?

அருமைநாயகம்: ஆமென்னு சொன்னேன்.

சத்தியநேசன்: க்கும்... க்கும்.

அருமைநாயகம்: சிரிக்காதடே.

சத்தியநேசன்: சிரிக்கல்லண்ணே. இருமல்... பின்ன?

அருமைநாயகம்: அடுத்த வாரம் கர்த்தர் பின்னயும் அடைச்சாரு. முதலாளி அவனப் போவச் சொல்லும்போ நானும் அங்கதான் நின்னேன். வாயத் தொறக்கல்ல. நான் செஞ்ச மூலையிலேயே போய் நின்னுக்கிட்டேன்.

சத்தியநேசன்: செரி, விடுங்க. இப்ப இத ஒடைக்கணும்.

அருமைநாயகம்: நான் ஒடைக்கேன். நீ ஒடைச்சா எனக்குத் தாங்காது... ம்... ம்ம்... பாத்தியா, ஒடைய மாட்டேங்குது! ஒரு மடையன் இம்பிடு நல்லாவா செய்வான்?

சத்தியநேசன்: இன்னும் ஒண்ணு போடுங்க. அங்க... அம்மாடி! விட்டுப்போச்சு! வாரிப் பிடிங்க. புண்ணாக்கு கணக்கா இறுகிக் கெடக்கு.

அருமைநாயகம்: தொட்டுப் பாரு. காஞ்ச சீவல்.

சத்தியநேசன்: ம்.

அருமைநாயகம்: அடியில உள்ளது ஞானாபரணம் சீவுனது. அதுவும் காஞ்சதுதான்.

சத்தியநேசன்: இருபத்தோரு நாளுல ஈரம் காஞ்சிருக்கும்ணே.

அருமைநாயகம்: பச்சைச்சீவல் இப்படிக் காயாது. கறுத்துப் பூசணம் பிடிக்கும். இது மஞ்சளா, பப்படம் கணக்கா ஒடையுது பாரு. அவன் பச்சைமரம் சீவவே இல்ல.

சத்தியநேசன்: அது இருக்கட்டும். இப்ப இந்த மூலைய என்ன செய்ய? திருப்பி இப்படியே வச்சா தொரை முன்னாலேயே அடைச்சுரும்.

அருமைநாயகம்: வளைவு வேணும். பலகைய வளைவா செதுக்கி எடுக்க ரெண்டு நாளாவும்.

சத்தியநேசன்: கமுகம்பாளை ஆவுமா?

அருமைநாயகம்: பாளையா... ஆவும்டே! நனைஞ்ச பாளையா இருந்தா சொன்னபடி வளையும். உள்பக்கம் வழுவழுன்னு இருக்கும். ஆனா இப்ப கமுகுக்கு எங்க போவ?

சத்தியநேசன்: கெணத்தடியில தொங்குதே. சாமி வெள்ளம் கோருற பாளைத்தோண்டி.

அருமைநாயகம்: சாமிக்க தோண்டியா? லேய், அத நாம தொட்டாலே...

வெங்கடசுப்ரமணியன்: என்ன ஓய் அது சத்தம்? மணி ரெண்டாறது. கூரை விழுந்துடுத்தோன்னு ஓடி வந்தேன்.

சத்தியநேசன்: ஓடியா சாமி?

வெங்கடசுப்ரமணியன்: நடந்துதான். விழுந்து முடிஞ்சப்புறம் வரலாம்னு... என் தோண்டி பேர் காதிலே விழுந்துதே?

அருமைநாயகம்: அது வேணும் சாமி. பிரிச்சு இந்த மூலைக்குள்ள வளைவா வச்சு அடிச்சா, காத்து வழுக்கிட்டுப் போயிரும். இல்லேண்ணா நாலு மணிக்கு இவனுக்க வேலை போச்சு.

வெங்கடசுப்ரமணியன்: மத்தவா கை படப்படாதுன்னு தனியா வெச்சிண்டிருக்கேனே ஓய்.

சத்தியநேசன்: இனி பட்டறையில உள்ள எல்லாருக்க தும்மலும் அதுவழியாத்தான் போவும் சாமி.

வெங்கடசுப்ரமணியன்: ...எடுத்துக்கோ. நான் இல்லாதப்போ நீங்கள்லாம் அதிலேதான் மொண்டு குடிக்கறேள்னு எனக்குத் தெரியும்.

சத்தியநேசன்: தெரிஞ்சுமா பறயாம இருந்தீங்க?

வெங்கடசுப்ரமணியன்: தெரியும்னு சொன்னா நான் தாகத்தோட இருக்கணுமே. தெரியாதவன் மாதிரி குடிச்சேன். ஆத்திலே போய், மடி பிசகாம இருக்கேன்னு அம்மா கிட்டே சொன்னேன்... சரி, அந்த வரி? காரணம் தெரிஞ்சுதா?

அருமைநாயகம்: தெரிஞ்சுது சாமி. அது வந்து...

சத்தியநேசன்: எலி!

வெங்கடசுப்ரமணியன்: எலியா?

சத்தியநேசன்: செத்துக் கெடந்துது சாமி. பெருச்சாளி. இம்பிடு நீளம்.

அருமைநாயகம்: லேய்...

வெங்கடசுப்ரமணியன்: எலி நன்னா இருக்கு. துரைக்கும் புரியும், சர்க்காருக்கும் புரியும். எழுதிடட்டுமா மேஸ்திரி?

அருமைநாயகம்: பொறுங்க சாமி. விசிறிய ஓட்டிப் பாத்துட்டுச் சொல்லுகேன்.

வெங்கடசுப்ரமணியன்: துரையோட வண்டி கரமனைப் பாலம் தாண்டறதுக்குள்ளே சொல்லும். அதுக்கப்புறம் எழுதினா மை காயாது.

சத்தியநேசன்: இதோ தோண்டி. நுனியப் பிடிங்கண்ணே... உள்ள தள்ளி வளைங்க. ஆணி?

அருமைநாயகம்: தா. அசங்காம பிடி... முப்பது வருஷம் மூலை செஞ்சவன் கடைசியில கெணத்துத் தோண்டிய அடிச்சுச் சேக்கேன். அந்தக் கோயமுத்தூர்க்காரன் பாத்தா, எனக்குத்தான் கை நடுங்குதும்பான்.

சத்தியநேசன்: போதும். மேல பலகைய வைங்க... விசிறிய ஓட்டுகேன். ஒரு பிடி சீவல வாயில காட்டுங்க.

அருமைநாயகம்: ஓட்டு.

சத்தியநேசன்: போவுதா?

அருமைநாயகம்: போவுது... லேய், போவுது! கையிலேருந்து பிடுங்கிட்டுப் போவுது!

சத்தியநேசன்: காதப் பொத்துங்கண்ணே, பென்சிலும் போயிரும்!

அருமைநாயகம்: அம்மாடி... நேரா வச்ச அஞ்சு மூலையவிட இந்த ஒரு கோணல் ஒழுங்கா சோலி செய்யுது. மத்த நாலும் இனி ஒண்ணொண்ணா பிரிக்கணும். செரி, நிறுத்து. சாமியக் கூப்பிடு. காரணம் நான் சொல்லுகேன்.

சத்தியநேசன்: எலின்னு சொல்லியாச்சேண்ணே.

அருமைநாயகம்: எலி இல்ல. "மூலை. மேஸ்திரி அருமைநாயகம் படத்தத் திருத்துனதால வந்தது." அப்படியே மணிமணியா எழுதட்டும்.

சத்தியநேசன்: உங்கள வெளிய தள்ளிருவாங்க.

அருமைநாயகம்: தள்ளட்டும். உளி எனக்க கையிலதான இருக்கு. சாலைக்கடையில கட்டில் செஞ்சு பிழைச்சுக்கிடுவேன். கட்டில் மூலைய நேரா வச்சா ஆரும் வேலைய விட்டுப் போவ வேண்டாம்.

சத்தியநேசன்: எலி போதும்ணே. செத்த எலி வந்து சண்டை போடாது. உங்க வேலையும் நிக்கும், எனக்க வேலையும் நிக்கும்.

அருமைநாயகம்: ஞானாபரணத்துக்க வேலை?

சத்தியநேசன்: அவரு... எங்கயாவது பாத்துக்கிடுவாரு.

அருமைநாயகம்: ஆரியசாலையில மொளகு மூட்டை சொமக்கான். எனக்க வயசுக்காரன். முந்தாநாள் என்னப் பாத்து மூட்டைய எறக்கி வச்சுட்டுச் சிரிச்சான். "பச்சைமரம் சீவுறவன்னு பேரு வந்துட்டு மேஸ்திரி, எந்தப் பட்டறையிலயும் எடுக்க மாட்டேங்கான்"ண்ணான். எலின்னு எழுதுனா இந்த மாசத்து அடைப்புக்கு எலி ஆச்சு. போன மாசத்துக்கு அவன்தான் காரணம்னு நிக்கும். மூலைன்னு எழுதுனா ரெண்டுக்கும் நான். அவனத் திரும்ப எடுப்பாங்க.

சத்தியநேசன்: எடுத்து எங்க நிறுத்துவாங்க?

அருமைநாயகம்: மெஷின்ல.

சத்தியநேசன்: நான்?

அருமைநாயகம்: நீ திரும்ப தடி சொமப்ப... அதுக்கா இந்த எலி? லேய், குத்தம் ஏக்கிறது நான். ஒனக்கு முதுகு வலிக்கும், அம்பிடுதான? ஒன்ன மார்த்தாண்டத்துலேருந்து இந்தப் பட்டறைக்குக் கூட்டிட்டு வந்ததே அவன்.

சத்தியநேசன்: தெரியும்.

அருமைநாயகம்: அவனுக்க மரச்சீனியில பாதிய ஒனக்குப் பிட்டுத் தருவான்.

சத்தியநேசன்: தெரியும்ணே.

அருமைநாயகம்: பின்ன என்ன நிக்க? கூப்பிடு சாமிய. பச்சைமரம்னு சொல்லிக் குடுத்தவன் யாருன்னு மட்டும் தெரிஞ்சா, அவனையும் பிடிச்சு முதலாளி முன்னால எனக்க பக்கத்துல நிறுத்துவேன்.

வெங்கடசுப்ரமணியன்: ஓய்! வண்டி பாலம் தாண்டியாச்சாம்! பேனாவைத் திறந்து வெச்சிண்டு நிக்கறேன். எலிதானே? எழுதறேன்!

சத்தியநேசன்: எலின்னு எழுதாண்டாம் சாமி, மேஸ்திரி சொல்லுகத எழுதுங்க... அண்ணே, அந்த ஆளத் தேடாண்டாம். தடி சொமந்து சொமந்து முதுகு நிமிராத ஒரு சாயங்காலம் முதலாளிக்க முன்னால போயி, "ஞானாபரணம் பச்சைமரம் சீவுறாரு"ண்ணு சொன்னது நான்தான். அது ஒக்க காஞ்ச மரம்னு எனக்குத் தெரியும், வெயிலுல போட்டு அடுக்குனவன் நானுல்லா. இந்த மெஷின் வேலை மாமனுக்கு நான் குடுக்க வேண்டிய கடன். இன்னும் குடுக்கல்ல.